ஏரோக்ஸ் வாங்கி, அதைக் குள்ளமாக்கப் போய் நான் பட்ட பாடு

நான் வேலூர் சத்துவாச்சாரி. ராணிப்பேட்டை சிப்காட்ல ஒரு ஷூ கம்பெனில ஸ்டிச்சிங் லைன்ல குவாலிட்டி பாக்கறேன். தினம் போக வர 45 கிலோமீட்டர் கிட்ட ஆகும், அதுல பெரும்பகுதி சென்னை - பெங்களூர் ஹைவே. 2024 ஜூன்ல ஆசை ஆசையா ஒரு யமஹா ஏரோக்ஸ் 155 ஸ்கூட்டர் வாங்கினேன். அதுக்கப்புறம் ஒரு வருஷம் அந்த வண்டியை என் உயரத்துக்கு ஏத்த மாதிரி மாத்தறேன்னு சொல்லி 34,800 ரூபாய் விட்டேன், சம்பளம் இல்லாத லீவு ஏழு நாள், நடு ராத்திரி ரோட்ல நின்னு அழுதது தனி. கேக்க ஒரு ஆள் இல்ல எனக்கு. அப்பா இல்ல, தம்பி பெங்களூர்ல இருக்கான், லைன்ல கூட வேலை பாக்கற பொண்ணுங்க யாரும் இந்த மாதிரி வண்டி ஓட்டறதில்ல. அதனால நடந்ததை ஒண்ணு விடாம எழுதறேன், இந்த மாதிரி ஸ்கூட்டர் வாங்கற யாராவது ஒருத்தருக்கு உதவினா போதும்.

முன்னாடி என்கிட்ட இருந்தது பழைய ஸ்கூட்டி பெப் பிளஸ். ஊருக்குள்ள அதை மாதிரி வண்டி இல்ல, காய் வாங்க லாங் பஜாருக்குள்ளயே நுழைஞ்சு வந்துடலாம். ஆனா அது 87.8 சிசி, பத்து இன்ச் வீல். ஹைவேல பக்கத்துல கன்டெய்னர் லாரி தாண்டும்போது காத்து முதல்ல வெளிய தள்ளும், அப்புறம் உள்ள இழுக்கும் பாருங்க, அப்ப வண்டி முழுசா ஆடும். மேல்விஷாரம் தாண்டினதும் ஹேண்டில் பாரை இறுக்கிப் புடிச்சு புடிச்சு ரெண்டு கட்டைவிரலும் மரத்துப் போயிடும். அதனால பெரிய வீல், கொஞ்சம் வெயிட்டான வண்டி, 80ல போனாலும் திணறாத இன்ஜின், இதுதான் எனக்குத் தேவை. என்டார்க் 125 பாத்தேன், 12 இன்ச் வீல், ஓட்ட ரொம்ப நல்லா இருந்துச்சு, கால் வைக்க தட்டையா எடமும் இருந்துச்சு. பர்க்மேன் பாத்தேன், சீட்டு சோஃபா மாதிரி, ஆனா நான் பாத்த மாடல்ல பின் வீல் பத்து இன்ச்தான். ஏப்ரிலியா எஸ்ஆர் 160 பாத்தேன், 14 இன்ச் வீல், ஆனா எனக்குப் பக்கத்துல சர்வீஸ் கிடைக்கல. கடைசியா ஏரோக்ஸ். 155 சிசி, லிக்விட் கூலிங், 15 பிஎஸ் பவர், 14 இன்ச் வீல், பின்னாடி டயர் 140 அகலம். நேர்ல பாத்த நிமிஷமே மனசு அதுகிட்ட போயிடுச்சு, அதை மறைக்க மாட்டேன்.

இங்கதான் என்னோட முதல் தப்பு. ஷோரூம்ல டெஸ்ட் டிரைவ்னு சந்துக்குள்ள ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன், அவ்ளோதான். நான் அஞ்சடி ஒரு இன்ச். அந்த சீட்டு உயரம் 790 மில்லிமீட்டர், அதுவும் முன்பக்கம் நல்லா அகலம், அதனால கால் ரெண்டு பக்கமும் விரிஞ்சு விரல் நுனிதான் தரையைத் தொட்டுச்சு. அது அப்பவே தெரிஞ்சுது, ஆனா ‘பழகிடும் மேடம்’னு அந்தத் தம்பி சொன்னான், நானும் அதைத்தான் கேக்க ஆசைப்பட்டேன். வண்டி 126 கிலோ. பெப்பைவிட 30 கிலோவுக்கு மேல கூட. எங்க வீட்டு வாசல்ல ரோடு ஒசந்து போனதால வண்டியை பின்னாலயே தள்ளி சிமெண்ட் சறுக்கல் ஏத்தித்தான் வெளிய எடுக்கணும். விரல் நுனியில நின்னுகிட்டு 126 கிலோவை ரிவர்ஸ்ல ஏத்தறது எப்படின்னு வாங்கின மறுநாள் காலைலதான் யோசிச்சேன். டெஸ்ட் டிரைவ் போறவங்க ஓட்டி மட்டும் பாக்காதீங்க. வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போடுங்க, எடுங்க. சறுக்கல்ல பின்னாடி தள்ளிப் பாருங்க. உங்க பின்னாடி தினம் யாரு உக்காருவாங்களோ அவங்களை உக்கார வச்சு குறுகலான தெருவுல ஒரு யூ-டர்ன் அடிங்க. செருப்போட போகாதீங்க, வேலைக்கு எது போட்டுட்டுப் போவீங்களோ அதோட போங்க.

ரெண்டாவது விஷயம், கால் வைக்கற எடம். ஏரோக்ஸ்ல நடுவுல முதுகெலும்பு மாதிரி ஒண்ணு ஒசந்து வரும், பெட்ரோல் டேங்க் மூடி அதுலதான் இருக்கு. பெட்ரோல் போட சீட்டைத் திறக்க வேணாம்ங்கறது வசதிதான், ஆனா 20 லிட்டர் தண்ணி கேன் வைக்க முடியாது, அரிசி மூட்டை வைக்க முடியாது. எங்க வீட்ல வாரத்துக்கு ரெண்டு கேன் நான்தான் பெப்ல எடுத்துட்டு வருவேன். வண்டி வந்த முதல் வாரமே வீட்டுக்கு வந்து போடறவர்கிட்ட சொல்லி வச்சோம், ஒரு கேனுக்கு பத்து ரூபாய் கூட. அம்மா விஷயம் அதைவிட கஷ்டம். அம்மாவுக்கு முட்டி வலி, புடவையில ஒரு பக்கமாத்தான் உக்காருவாங்க. பின் சீட்டு ஒசரத்துக்கு அவங்களால ஏற முடியல. வெள்ளிக்கிழமை கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு என் பின்னாடிதான் வருவாங்க, பல வருஷப் பழக்கம். ரெண்டு தடவை முயற்சி பண்ணிட்டு, ‘நீ ஆசப்பட்டு வாங்கின வண்டி பாப்பா, நான் பஸ்ஸுல போய்க்கினா இன்னா இப்போ’ன்னாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. வண்டியை எப்படியாவது கொஞ்சம் கீழ எறக்கிடணும்னு அப்பதான் புத்தியில ஏறிச்சு.

பணக் கணக்கும் சொல்லிடறேன், யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டாங்க. ஷோரூம் விலை ஒண்ணரை லட்சம் கிட்ட, கைக்கு வந்தப்ப 1,83,000. தமிழ்நாட்ல 2023 நவம்பர்ல இருந்து ஒரு லட்சத்துக்கு மேல விலை இருக்கற டூ வீலருக்கு லைஃப் டாக்ஸ் 12 சதவீதம், ஒரு லட்சம் வரைக்கும் 10. இன்ஷூரன்ஸ்லயும் ஒரு கோடு இருக்கு. புது வண்டிக்கு அஞ்சு வருஷ தேர்ட் பார்ட்டி சேத்துத்தான் கட்டணும். நான் வாங்கினப்ப 150 சிசி வரைக்கும் அது 3,851 ரூபாய், 150 தாண்டினா 7,365. வெறும் அஞ்சு சிசி தாண்டினதுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆனதால விலை எறங்கியிருக்கு, நல்ல விஷயம், ஆனா 125க்கும் 155க்கும் நடுவுல முடிவு பண்றவங்க ஷோரூம் விலையை வச்சு கணக்கு போடாதீங்க, ஆன்ரோடு விலையை எழுதி வாங்கி பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

சரி, சீட்டு. ஜூலை மாசம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சீட்டு கடையில கேட்டேன். ‘ரெண்டு இன்ச்சு எட்த்துட்லாம் மா, சாய்ந்தரம் வந்து வாங்கிக்கோ’ன்னார், 1,200 ரூபாய். சாயந்திரம் போனா கால் நல்லா எட்டுது, எனக்கு அவ்ளோ சந்தோஷம். பத்து நாள்தான். கம்பெனில இருந்து வந்ததும் உக்கார முடியாத அளவுக்கு வால் எலும்புல வலி. ஃபோமை மேல இருந்து ரெண்டு இன்ச் சீவிட்டதால கீழ இருக்கற பிளாஸ்டிக் பேஸ் மேலயே உக்கார்ற மாதிரி ஆயிடுச்சு, ஸ்பீட் பிரேக்கர்ல அது நேரா முதுகுத்தண்டுல இடிக்கும். ஆகஸ்ட்ல மழை வந்துச்சு. மழை விட்டதும் துணியால சீட்டைத் துடைச்சுட்டு உக்காந்தேன், அழுத்தின உடனே உள்ள இருந்து தண்ணி கசிஞ்சு சுடிதார் மொத்தம் நனைஞ்சு போச்சு. அப்படியே லைன்ல போய் நிக்கணும். அன்னிக்கு வீட்டுக்கு வந்து அந்த சீட்டு கவரைக் கண்ணு கிட்ட வச்சுப் பாத்தேன். நான் தினம் ஆயிரக்கணக்குல தையல் பாக்கறவ. உக்கார்ற எடத்துக்கு நட்ட நடுவுல தையல் ஓடுது, ஊசி தடிமன், நூல் மெலிசு, ஒவ்வொரு ஓட்டையும் நூலைச் சுத்தி வட்டமா வாய் திறந்து நிக்குது. உள்பக்கம் டேப் ஒட்டல, ஃபோமுக்கு மேல ஒரு பாலிதீன் ஷீட் கூட போடல. எங்க லைன்ல ஒரு ஷூ அப்பர் (ஷூவோட மேல்பாகம்) இப்படி வந்தா நான் ரிஜெக்ட் பண்ணியிருப்பேன். என் வேலை எனக்குத் தெரிஞ்சும், சீட்டைக் கைல வாங்கினப்ப நான் திருப்பிக்கூடப் பாக்கல.

இதுல இருந்து கத்துக்கிட்டது. ஒரிஜினல் சீட்டை வெட்டவே வெட்டாதீங்க, அதைப் பழைய பெட்ஷீட்ல சுத்தி பரண்ல போட்டுட்டு வேற ஒரு சீட்டு வாங்கி அதுல வேலை பண்ணுங்க. உயரத்தைக் குறைக்கறதைவிட முன்பக்க அகலத்தைக் குறைக்கறதுதான் முக்கியம். தொடை விரியாம கால் நேரா எறங்கினாலே குதிகால் கிட்டத்தட்ட தரைக்கு வந்துடும், மேல ஒரு நூல் ஃபோம் கூட எடுக்க வேணாம். இதை சீட்டு கடைக்காரங்க தானா சொல்ல மாட்டாங்க, ஏன்னா நம்ம ‘உயரம் குறைங்க’ன்னுதான் கேக்கறோம். எனக்கு இது தெரியவந்தது ஒரு வருஷம் கழிச்சு.

அப்ப நான் பண்ணது வேற. 3,600 கொடுத்து புது ஒரிஜினல் சீட்டு வாங்கி மாட்டினேன், வலி போச்சு, உயரம் திரும்ப வந்துடுச்சு. ஆயுத பூஜை முடிஞ்சதும் வண்டி மாடிஃபை பண்ற ஒரு கடைக்குப் போனேன். அங்க இருந்த பசங்க என் முகத்தைப் பாத்துக்கூட பேசல, ‘வீட்ல அண்ணன் யாராவது இருந்தா வரச் சொல்லுங்க’ன்னாங்க. நான்தான் ஓட்டறேன், நான்தான் காசு கொடுக்கறேன்னு சொன்னதும் லிஸ்ட் போட்டாங்க. முதல்ல சைலன்சர் மாத்திடலாம்னாங்க. அதுக்கு மட்டும் நான் ஒத்துக்கல. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி ஆர்சியில இருக்கற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது, 2019 திருத்தத்துக்கு அப்புறம் அனுமதி இல்லாம பண்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் கூட இருக்கு. கலர் மாத்தினா கூட ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதி வாங்கணும். அடுத்ததா, ‘பின்னாடி ஷாக் அப்சார்பர் சின்னதா போட்டா வண்டி தானா எறங்கிடும்’னாங்க. ஒரிஜினலைவிட ஒரு இன்ச் குட்டையான ஜோடி, மாட்டற கூலியோட 6,800 ரூபாய். போட்டேன்.

ஒரு இன்ச் ஷாக்ல குறைச்சா சீட்லயும் ஒரு இன்ச் குறையும்னு நெனச்சேன். குறையாது. ஒரு இன்ச் எறங்கறது பின் சக்கரத்துக்கு மேல, நம்ம ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல உக்கார்றோம், அங்க முக்கால் இன்ச்சுக்குள்ளதான் எறங்கும். அதுக்கு நான் கொடுத்த விலை என்னன்னா, 145 மில்லிமீட்டர் இருந்த கிரவுண்ட் கிளியரன்ஸ் குறைஞ்சு சர்வீஸ் ரோட்ல இருக்கற ஸ்பீட் பிரேக்கர் எல்லாத்துலயும் அடி தட்ட ஆரம்பிச்சுது. சென்டர் ஸ்டாண்ட் போடவே முடியல, முன்னாடியைவிட கூடுதலா தூக்கணும், என் வெயிட்டுக்கு அது ஏறல. அதனால சைடு ஸ்டாண்ட்தான். வண்டி எறங்கிடுச்சு, ஆனா சைடு ஸ்டாண்ட் அதே நீளம். அப்ப வண்டி சாயாம நெட்டுக்குத்தலா நிக்கும். இதை எனக்கு யாரும் சொல்லல. தீபாவளி வாரம் கம்பெனி பார்க்கிங்ல நிறுத்திட்டுப் போனேன், பக்கத்துல யாரோ அவங்க வண்டியை எடுக்கும்போது லேசா இடிச்சிருக்காங்க, அந்தப் பக்கமா சாஞ்சு விழுந்துடுச்சு. சைடு பேனல் உடைஞ்சது, பிரேக் லீவர் வளைஞ்சது, 4,300. இன்ஷூரன்ஸ் கேக்கலாமான்னு பாத்தா, முதல் வருஷம் கிளெய்ம் பண்ணாம இருந்தா அடுத்த ரினியூவல்ல 20 சதவீதம் தள்ளுபடி, கிளெய்ம் பண்ணா அது போயிடும், கழிவெல்லாம் போக கைக்கு வர்றதும் கம்மி. விட்டுட்டேன். ஷாக் மாத்தறவங்க சைடு ஸ்டாண்டையும் அதுக்கேத்த அளவுக்குக் குறைக்கணும், இல்லன்னா ஷாக்கைத் தொடவே கூடாது.

பேனல் மாத்த வண்டியைப் பிரிச்சப்ப, ‘பிரிச்சது பிரிச்சாச்சு, ரோலரையும் லைட் வெயிட்டா போட்டுடலாம், பிக்கப் பறக்கும்’னாங்க. கியர் இல்லாத வண்டியில பெல்ட்டை நகத்தறது அந்த வேரியேட்டர் ரோலர்தான். லேசான ரோலர் போட்டா அது வெளிய தள்ளறதுக்கு கூடுதல் ஆர்பிஎம் வேணும், அதனால இன்ஜின் எப்பவும் லோ கியர்ல போற மாதிரி கத்திக்கிட்டே இருக்கும். ஊருக்குள்ள சிக்னல்ல நல்லா துள்ளிச்சு. ஹைவேல 60லயே இன்ஜின் அலற ஆரம்பிச்சு, லிட்டருக்கு 40 கிட்ட கொடுத்த வண்டி 33க்கு வந்துடுச்சு. டேங்க் வேற அஞ்சரை லிட்டர்தான், வாரத்துக்கு ஒரு தடவை கூடுதலா பங்க்ல நின்னேன். ஒரு மாசத்துல பழைய ரோலரையே திரும்பப் போட்டேன், போட்டது எடுத்தது எல்லாம் சேத்து 1,800. என்னை மாதிரி ஹைவேல போறவங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

இனிமேதான் பெரிய அடி. ஷிப்மென்ட் நேரத்துல எங்களுக்கு வேலை முடிய ஒம்போது மணி ஆகும். ஷாக் மாத்தினதுக்கு அப்புறம் ராத்திரில ரோடு சரியாவே தெரியாத மாதிரி இருந்துச்சு, பக்கத்துல இருக்கற பள்ளம் கிட்ட வந்தப்பறம்தான் தெரியும், எதிர்ல வர்றவங்க வேற என்னைப் பாத்து டிம் டிம்னு லைட் போட்டு திட்டுவாங்க. எனக்குக் கண்ணு கெட்டுப் போச்சோன்னு கூட பயந்தேன், கண் டாக்டர்கிட்ட போய் செக் பண்ணேன், ஒண்ணும் இல்லன்னாங்க. அப்ப வண்டி லைட்டு பத்தலன்னு முடிவு பண்ணி 2025 பிப்ரவரில ரெண்டு ஃபாக் லைட் மாட்டினேன், 3,500 ரூபாய். மாட்டின பையன் தனி ரிலே (லைட்டுக்கு பேட்டரில இருந்து நேரா கரண்ட் விடற சுவிட்ச்) போடல, தனி ஃபியூஸ் போடல. ஒரிஜினல் ஒயரை நடுவுல சுரண்டி அதுல சுத்தி, கருப்பு டேப் ஒட்டி விட்டான். அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சுது, வேகமா முடிச்சானேன்னு நான் பாராட்டினேன்.

மே மாசம், அக்னி நட்சத்திரம். நம்ம ஊரு வெயில் தெரியும் உங்களுக்கு, கம்பெனி பார்க்கிங்ல தகர ஷெட்டு கூட கிடையாது, நாள் முழுக்க வண்டி வெயில்ல. அன்னிக்கு ராத்திரி ஒம்பதரை இருக்கும், மேல்விஷாரம் தாண்டி ரத்தினகிரி வர்றதுக்குள்ள, 70ல போயிட்டிருந்தேன், ஒரு நொடில ஹெட்லைட், மீட்டர், இன்ஜின் எல்லாம் செத்துடுச்சு. பின்னாடி லாரி ஹாரன் அடிச்சுகிட்டே வருது. எனக்கு முன்னாடி கும்மிருட்டு. எப்படி இடது பக்கம் மண்ணுல எறக்கினேன்னு இப்ப வரைக்கும் எனக்கு ஞாபகம் இல்ல, கை கால் ஆடறது நிக்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு. பைக்ல வந்த ரெண்டு பசங்க, ‘இன்னாக்கா ஆச்சு’ன்னு நிறுத்தினாங்க. ஃபியூஸ் போயிருக்குன்னு கண்டுபிடிச்சதும் அவங்கதான். வேற ஃபியூஸ் இல்லன்னு, ஒரு ஒயரைக் கடிச்சு உரிச்சு செம்புக் கம்பியை அந்த எடத்துல சுத்தி விட்டாங்க. வண்டி ஸ்டார்ட் ஆச்சு. நல்ல மனசு அவங்களுக்கு, நான் குறையே சொல்ல மாட்டேன், வண்டி நகர்ற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் போனாங்க. ஆனா ஃபியூஸ் ஏன் போச்சுன்னு அவங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. ரெண்டு கிலோமீட்டர் போயிருப்பேன், ரத்தினகிரி மலைக் கோயில் லைட்டு மேல தெரியுது, ஹேண்டிலுக்குக் கீழ இருந்து பிளாஸ்டிக் கருகற வாசனை, அப்புறம் புகை. சாவியைத் திருப்பிட்டு வண்டியை விட்டுத் தள்ளி ஓடினேன். டீக்கடைப் பெரியவர் ஒருத்தர் ‘தண்ணி ஊத்தாத மா’ன்னு கத்திகினே வந்து ரெண்டு கையாலயும் மண்ணை வாரி வாரி போட்டார். அவர் கடை ஓரமாவே வண்டியை விட்டுட்டு ஆற்காட்ல இருந்து வந்த பஸ்ல ஏறினேன். பஸ்ல லைட்டு வெளிச்சத்துல கையைப் பாத்தா மொத்தம் கரி. வீடு வர்ற வரைக்கும் அழுதேன். அம்மா கேட் கிட்டயே நின்னுட்டிருந்தாங்க.

மறுநாள் டாட்டா ஏஸ் வச்சு தூக்கிட்டு வந்தேன், 1,200. ஒயரிங் ஹார்னஸ், அதாவது வண்டியோட மொத்த ஒயர்க் கட்டையும் முழுசா மாத்தணும், கூலியோட 12,400. வாரன்டி இருந்துச்சு, ஆனா வெளி ஆள் ஒயரை வெட்டியிருந்தா எலக்ட்ரிக்கலுக்கு அது செல்லாதுன்னாங்க, புத்தகத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு, நான்தான் படிக்கல. இன்ஷூரன்ஸ்ல எலக்ட்ரிக்கல் பிரேக்டவுன் வராது. ரிப்பேர் பண்ணவர் கழட்டின ஒயரைக் கைல கொடுத்தார், இன்னும் வச்சிருக்கேன். ஹேண்டில் திரும்பற எடத்துல அந்த ஃபாக் லைட் ஒயர் உள்ள ஒரு தகட்டு விளிம்புல உரசி உரசி, பென்சில் சீவின மாதிரி தோல் போய் செம்பு பளபளன்னு தெரியுது. டேப்போட பசை வெயில்ல உருகி வெல்லப் பாகு மாதிரி ஒழுகி, டேப்பு தனியா நழுவிக் கிடக்கு. அந்த செம்பு சேஸிஸ்ல பட்டப்ப ஃபியூஸ் போனது, வண்டியைக் காப்பாத்தத்தான். அதுக்கு பதிலா நம்ம செம்புக் கம்பியை வச்சா, எரியறதுக்கு ஒயரைத் தவிர வேற ஒண்ணும் மிச்சம் இல்ல.

லைட்டு மாட்டியே ஆகணும்னா கணக்கு சின்னதுதான். ரெண்டு லைட்டும் சேந்து 60 வாட்ஸ்னா அதை 12 வோல்ட்டால வகுங்க, 5 ஆம்பியர். பேட்டரில இருந்து நேரா தனி ஒயர், பேட்டரிக்குப் பக்கத்துலயே தனி ஃபியூஸ், நடுவுல ரிலே, ஹேண்டில் திரும்பற எடத்துல நெளிவு குழாய்க்குள்ள ஒயர், கப்ளர் (சொருகற பிளக்) போட்டு ஜாயின்ட், டேப்பு கிடையாது. ஒயரை சுரண்டறேன்னு ஒருத்தர் கத்தி எடுத்தா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க. ஃபியூஸ் பாக்ஸ் எங்க இருக்குன்னு இன்னிக்கே திறந்து பாருங்க, பல வண்டில ஸ்பேர் ஃபியூஸ் அதுக்குள்ளயே இருக்கும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, கலர் மாத்திப் போடாதீங்க. புதுசு போட்டும் உடனே போனா அதோட நிறுத்திட்டு வண்டியைத் தள்ளிட்டுப் போங்க.

ஆனா இதுல எனக்கு இன்னும் ஆறாத விஷயம் வேற. காகிதப்பட்டறைல ஒரு பழைய மெக்கானிக் இருக்கார், ஹார்னஸ் மாத்தினதும் எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்கண்ணான்னு அவர்கிட்ட கொண்டு போனேன். இருட்டற நேரம், வண்டியை ஒரு சுவர் முன்னாடி நிறுத்தச் சொல்லி என்னை மேல உக்கார வச்சு லைட்டைப் போட்டார். வெளிச்சம் சுவர்ல ஹெட்லைட் உயரத்துக்கும் மேல விழுந்துச்சு. ‘பின்னாடி எறக்கிட்டியே, வண்டி குந்திகினு கீது மா. லைட்டு ரோட்டைப் பாக்கல, வானத்தைப் பாக்குது’ன்னார். அதனாலதான் பக்கத்துப் பள்ளம் தெரியல, அதனாலதான் எதிர்ல வர்றவங்க கண்ணு கூசித் திட்டினாங்க. ஹெட்லைட் கோணத்தை சரி பண்ண ஒரு ஸ்குரூ இருக்கு. ஃபாக் லைட்டே தேவைப்பட்டிருக்காது. சீட்டு சரியா அமையாததால ஷாக், ஷாக்கால சைடு ஸ்டாண்ட், ஷாக்காலயே லைட்டு, லைட்டால ஒயர். ஒவ்வொண்ணையும் தனித்தனி பிரச்சனைன்னு நெனச்சு தனித்தனி கடையில காசு கொடுத்தேன். எந்தக் கடையிலயும் ‘இதுக்கு முன்னாடி வண்டில என்ன மாத்தினீங்க’ன்னு ஒரு கேள்வி கேக்கல. நீங்களாவது கேளுங்க. ஒரு மாற்றம் பண்ணா ஒரு மாசம் ஓட்டிப் பாத்துட்டு, புதுசா என்ன வித்தியாசம் தெரிஞ்சாலும், அதை அந்த மாற்றத்தோட சேத்து யோசிங்க. தேதி போட்டு ஒரு நோட்ல எழுதி வைங்க, நான் இப்ப வச்சிருக்கேன்.

அவர்கிட்டயே பழைய ஷாக்கை மாட்டிட்டேன், நல்லவேளை அதைத் தூக்கிப் போடல. அந்த மாடிஃபை கடையில கழட்டினதைக் ‘இங்கயே இருக்கட்டும்’னாங்க, அம்மாதான் ‘காசு கொடுத்து வாங்கினது, எடுத்துகினு வா’ன்னு சொல்லி எடுக்க வச்சாங்க. கழட்டற எந்தப் பொருளையும் கடையில விடாதீங்க. சீட்டுக்கு, எங்க கம்பெனில அப்பர் தைக்கற அக்கா ஒருத்தங்களோட வீட்டுக்காரர் சீட்டு வேலை பண்றவர், அவர்கிட்ட நானே பேனா வச்சு கோடு போட்டுக் கொடுத்தேன். முன்பக்கம் ரெண்டு ஓரமும் மட்டும் சீவறது, மேல கை வைக்கறதில்ல. தையல் எல்லாம் பக்கவாட்டுல, உள்ள டேப், ஃபோமுக்கு மேல பிளாஸ்டிக் ஷீட். 1,800 ரூபாய், இந்த வருஷ மழையில ஒரு சொட்டு உள்ள எறங்கல. அப்புறம் 1,650க்கு கொஞ்சம் தடியான சோல் வச்ச, கணுக்கால் வரைக்கும் வர்ற ஷூ வாங்கினேன், சோல் மட்டுமே ஒரு இன்ச்சுக்கு மேல. 6,800 கொடுத்த ஷாக் எனக்குக் கொடுத்ததைவிட அந்த சோல் கூடுதலா கொடுத்துச்சு. இப்ப ரெண்டு காலோட முன்பாதமும் முழுசா தரையில நிக்குது, சறுக்கல்ல வண்டியைப் பயமில்லாம பின்னாடி எடுக்கறேன்.

வண்டி மேல எனக்கு இன்னும் பிரியம்தான். 80ல போகும்போது லாரி தாண்டினா இப்ப ஆடறதில்ல, அதுக்காகத்தானே வாங்கினேன். அம்மா மட்டும் இன்னும் ஆட்டோலதான் கோயிலுக்குப் போறாங்க. வீட்டு வாசப்படில நின்னு என் வண்டில ஏறிடறாங்க, ஆனா கோட்டை வாசல்ல எறங்கினா திரும்ப ஏற ஒசரமான எடம் தேடணும், அது அவங்களுக்குக் கூச்சமா இருக்கு. அதை எந்தக் கடையிலயும் சரி பண்ண முடியல எனக்கு. எங்க லைன்ல ஒரு பொண்ணு இப்ப ஸ்கூட்டர் வாங்கப் போறா, என் வண்டியைப் பாத்துட்டு இதே மாதிரி வேணும்ங்கறா. வர்ற ஞாயித்துக்கிழமை அவ கூட நானும் ஷோரூமுக்குப் போறேன். அவங்க அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன், புடவையிலேயே. தண்ணி ரொப்பின ஒரு கேனையும் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்.